மறந்துபோன ஒரு பண்டிகையை வைத்து டிஸ்டோபியா அனிமே தொடர் எழுதுவது எப்படி

டிஸ்டோபியா, அதாவது மனிதர்களை நசுக்கும் ஒரு கற்பனைச் சமூகம், அதை வைத்து அனிமே என்கிற ஜப்பானிய அனிமேஷன் தொடர் எழுத உட்காரும் பெரும்பாலானவர்கள் முதலில் நகரத்தைத்தான் கட்டுகிறார்கள். சுவர், கேமரா, சீருடை, பெயருக்குப் பதில் எண் வைத்த பிள்ளைகள், மேலே முகம் தெரியாத ஒரு நிர்வாகம். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். நாற்பது பக்கம் நகரத்தைப் பற்றியே எழுதி, தண்ணீர்க் குழாய் எங்கே போகிறது என்பதுவரை வரைபடம் போட்டு, கடைசியில் அதற்குள் நடமாட ஒரு பெண்ணைக் கொண்டுவந்து நிறுத்தினால், அவளுக்குச் செய்ய ஒன்றுமே இல்லை. தப்பித்து ஓடலாம், இல்லையென்றால் எதிர்த்துச் சண்டை போடலாம். இரண்டையும் எத்தனையோ தொடர்களில் பார்த்தாயிற்று. அந்த நாற்பது பக்கத்தையும் தூக்கி வைத்துவிட்டு மறுபடி ஆரம்பித்தபோது கண்டுபிடித்த வழியைத்தான் இங்கே சொல்கிறேன். நகரத்தைக் கடைசியில் கட்டுங்கள். முதலில் ஒரு பண்டிகை, அதற்கு ஓர் ஐதீகம், அந்த ஐதீகம் மறந்துபோனதில் யாருக்கு என்ன லாபம் என்கிற கணக்கு, அப்புறம் ஒரு பதினான்கு வயதுப் பிள்ளை.

அளவைப் பற்றி ஒரு வார்த்தை. ஜப்பானியத் தொலைக்காட்சியில் மூன்று மாத ஒளிபரப்பை ஒரு 'கூர்' என்பார்கள், அதாவது 12 அல்லது 13 எபிசோட். ஒரு எபிசோட் சுமார் 24 நிமிடம், அதில் ஓப்பனிங் 90 வினாடி, எண்டிங் 90 வினாடி போனால் கதைக்குக் கிடைப்பது 21 நிமிடம். 12 எபிசோடுக்கும் சேர்த்து நான்கு மணி நேரத்துக்குச் சற்று மேல். ஒரு பண்டிகையை, ஒரே ஒரு பண்டிகையை, முழுதாகச் சொல்ல இது போதும். இரண்டாவது பண்டிகைக்கு இடம் கிடையாது.

கை செய்வதை முதலில் எழுதுங்கள்

எந்தப் பண்டிகையும் இரண்டு பாதியாக இருக்கிறது. கை செய்வது ஒன்று, அதை ஏன் செய்கிறோம் என்பது இன்னொன்று. மறதி வரும்போது முதலில் போவது காரணம்தான். கை விடாது. பாட்டி செய்தாள், அம்மா செய்தாள், நானும் செய்கிறேன் என்று அது பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும். 'தி பிக் ஓ' என்று 1999-இல் வந்த தொடரில் இதை அழகாகச் செய்திருக்கிறார்கள். நாற்பது ஆண்டுகளுக்கு முன் எல்லோரும் நினைவுகளை இழந்துவிட்ட ஒரு நகரம், அங்கே டிசம்பர் 25 வந்தால் அலங்கரித்த மரமும் விளக்கும் வந்துவிடுகின்றன, ஆனால் அதற்குப் பெயர் 'ஹெவன்ஸ் டே', நகரம் நிறுவப்பட்ட நாள் என்று விளக்கம். மரம் இருக்கிறது, அது ஏன் அங்கே நிற்கிறது என்பது யாருக்கும் தெரியாது. ஒரு எபிசோடுக்குள் அவர்கள் முடித்துக்கொண்ட இந்த விஷயத்தை நீங்கள் ஒரு சீசன் முழுக்க நீட்டப் போகிறீர்கள்.

மறக்கப்படாத, இன்றும் உயிரோடு இருக்கிற சடங்குகளிலேயே இதன் சாயலைப் பார்க்கலாம். அகிதா மாகாணத்து ஓகா தீபகற்பத்தில் டிசம்பர் 31 இரவு நமஹாகே என்கிற முகமூடித் தெய்வம் வீடு வீடாக வரும். பயங்கரமான முகமூடி, 'கேதே' என்கிற வைக்கோல் மேலாடை, கையில் மரக்கத்தி, இன்னொரு கையில் வாளி. "அழுகிற பிள்ளை இருக்கிறதா" என்று கத்திக்கொண்டு உள்ளே நுழைந்தால் சின்னப் பிள்ளைகள் அலறிக்கொண்டு பெற்றோர் மடியில் ஏறிவிடும். வீட்டுக்காரர் வந்தவரை மரியாதையாக உட்காரவைத்து, சாக்கே என்கிற அரிசி மது ஊற்றிக்கொடுத்து, என் பிள்ளை நல்ல பிள்ளைதான் என்று பேசிச் சமாளிப்பார். சரி, கத்தி எதற்கு? குளிர்காலம் முழுக்க வேலை செய்யாமல் தீ முன்னாலேயே உட்கார்ந்திருந்தால் தோலில் சூட்டுத் தடிப்பு வரும், அதை அந்தப் பக்கத்தில் 'நமோமி' என்பார்கள். சோம்பேறியின் காலில் இருக்கும் அந்த நமோமியை உரித்தெடுக்கத்தான் கத்தி. பெயரே அதிலிருந்து வந்ததுதான். இன்றைக்கு வீட்டு நடுவில் தரையைக் குடைந்து போட்ட அந்தப் பழைய அடுப்பு பெரும்பாலான வீடுகளில் இல்லை, ஆகவே அந்தத் தடிப்பும் வருவதில்லை. கத்தி மட்டும் ஒவ்வொரு வருடமும் வருகிறது. அந்தக் கத்தி மாதிரி ஒன்று உங்கள் கதைக்கு வேண்டும்.

நான் என் கதைக்கு மூன்று செயல்களை எடுத்துக்கொண்டேன், அவற்றை உதாரணமாகவே சொல்லிக்கொண்டு போகிறேன். குளிர்காலத்தில் ஓர் இரவு நகரத்தில் யாரும் கதவைத் தாழிடுவதில்லை. அன்றைக்கு வாசற்படியில் ஒரு கைப்பிடிச் சோற்றை உருட்டி வைப்பார்கள். மறுநாள் காலையில் யாரும் வாசலைக் கூட்டுவதில்லை. அவ்வளவுதான். இந்த மூன்றுக்கும் இன்றைய நகரத்தில் ஒரு சப்பென்ற காரணம் இருக்கிறது. தாழிடாதது மின்மீட்டர் பார்க்க வருகிறவர்களுக்காக, சோறு எலிகள் உள்ளே வராமல் வெளியிலேயே நின்றுகொள்ள, கூட்டாமல் விடுவது அன்றைக்குத் துப்புரவாளர்களுக்கு விடுமுறை என்பதால். பொய்க் காரணம் சலிப்பாக இருக்க வேண்டும், இதில் கறாராக இருங்கள். மர்மமான பொய்யைக் கேட்டால் பார்க்கிறவர் உடனே தோண்ட ஆரம்பித்துவிடுவார். மீட்டர் என்று சொன்னால் தலையாட்டிவிட்டுத் தாண்டிப் போவார், ஏழாவது எபிசோடில் திரும்பி வந்து முதல் எபிசோடை மறுபடி போட்டுப் பார்ப்பார்.

ஐதீகத்தை முழுசாக எழுதிவிட்டு, ஒரு ஓட்டை போடுங்கள்

திரையில் துண்டு துண்டாகத்தான் வரப்போகிறது என்பதால் பலர் ஐதீகத்தையும் துண்டாகவே யோசிக்கிறார்கள். அப்படி யோசித்தால் கடைசியில் துண்டுகள் ஒட்டாது. தூங்கப்போகும் குழந்தைக்குச் சொல்கிற கதை மாதிரி, ஆரம்பம் முதல் முடிவு வரை ஒரு பக்கம் எழுதுங்கள். நல்ல ஐதீகத்தில் ஏதோ ஒன்று குறையும். ஓகாவிலேயே ஒரு கதை உண்டு. ஊரைத் துன்புறுத்திய அசுரர்களிடம், ஒரே இரவில் ஆயிரம் கல் படி கட்டி முடித்தால் வருடத்துக்கு ஒரு பெண்ணைத் தருகிறோம், முடியாவிட்டால் இந்தப் பக்கமே வரக்கூடாது என்று ஊரார் பந்தயம் கட்டினார்களாம். 999 படி முடிந்துவிட்டது. ஒருவன் சேவல் மாதிரி கூவினான். விடிந்துவிட்டது என்று நினைத்து அசுரர்கள் ஓடிப்போனார்கள். அந்தக் கல் படிகள் இன்றும் அங்கே கோயிலுக்கு ஏறுகின்றன. ஆயிரமாவது படி இல்லாததால்தான் அந்தக் கதை இத்தனை காலம் நிற்கிறது என்பது என் எண்ணம்.

என் ஐதீகத்துக்கு விதை இன்னொரு தீவிலிருந்து கிடைத்தது. ககோஷிமா மாகாணத்து ஷிமோ கோஷிகி தீவில் அதே டிசம்பர் 31 இரவில் தோஷிதோன் என்கிற தெய்வம் வருவார். பிள்ளைகளைத் திட்டுவார், அந்த வருடம் செய்த நல்லதைச் சொல்லிப் பாராட்டுவார், கிளம்பும்போது மோச்சி என்கிற அரிசிப் பலகாரம் பெரிதாக ஒன்றைப் பிள்ளையின் முதுகில் வைத்துவிட்டுப் போவார். 'தோஷி' என்றால் வருடம், வயது. அந்த மோச்சிதான் பிள்ளைக்கு ஒரு வயதைக் கூட்டுகிறது என்பது ஐதீகம். முதன்முதலில் இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. வயது என்பது தானாக ஏறுவது இல்லை, யாரோ மலையிலிருந்து இறங்கி வந்து கையில் கொடுத்துவிட்டுப் போவது என்றால், அவர் வராத வருடம் என்ன ஆகும்?

அதிலிருந்து நான் எழுதியது இது:

பனிக்காலத்து நடு இரவில் வைக்கோல்காரர் மலையிலிருந்து இறங்குவார். முதுகுக் கூடையில் ஊராரின் வயதுகள், அரிசி உருண்டைகளாக. ஒவ்வொரு கதவையும் மூன்று முறை தட்டுவார். உள்ளே இருப்பவர்கள் எங்கள் வீட்டில் இத்தனை பேர் என்று சொல்ல வேண்டும், தலைக்கு ஓர் உருண்டை கிடைக்கும், தின்றால் ஒரு வயது கூடும். ஒரு வருடம், பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாய் அந்தப் பிள்ளையையும் சேர்த்துக் கணக்குச் சொன்னாள். பொய் என்று அவருக்குத் தெரியும். கொடுத்துவிட்டார். ஊரின் கடைசி வீட்டுக்கு வந்தபோது கூடையில் ஒன்று குறைந்தது. அந்த வீட்டில் ஒரு பெண் கையை நீட்டிக்கொண்டு நின்றாள். அவர் வெகு நேரம் யோசித்தார். அப்புறம் தன் முகமூடியைக் கழற்றி அவள் கையில் வைத்தார்.

இங்கே நிறுத்தினேன். முகமூடியை வாங்கிக்கொண்டவள் என்ன செய்தாள் என்பதுதான் ஓட்டை, தொடரின் பன்னிரண்டு எபிசோடும் அதைத்தான் நிரப்பப் போகின்றன. உங்கள் ஐதீகத்தின் கடைசி வாக்கியத்தை இப்படி உங்கள் நாயகியிடமோ நாயகனிடமோ விட்டுவையுங்கள். வாளைத் தேடுவது, சாவியைத் தேடுவது என்று வைத்தால் அது வேட்டைக் கதையாகிவிடும்.

மறதியால் யாருக்கு லாபம்

"பெரும் போருக்குப் பிறகு எல்லாம் மறந்துபோனது" என்று ஒரே வரியில் தாண்டிவிடாதீர்கள். போர் பண்டிகையை அழிக்காது. பதுங்கு குழிக்குள்ளும் மக்கள் நாளை எண்ணிக்கொண்டுதான் இருப்பார்கள். ஒரு நாள் மறக்கப்பட வேண்டுமென்றால் அது யாருக்கோ செலவு வைத்திருக்க வேண்டும்.

வரலாற்றில் அப்படியே ஒரு சம்பவம் இருக்கிறது. மெய்ஜி பேரரசர் காலத்து 5-ஆம் ஆண்டின், அதாவது 1872-இன், பன்னிரண்டாம் மாதத்துக்கு ஜப்பானில் இரண்டே நாள்தான். மூன்றாம் நாளாக இருக்க வேண்டியது 1873 ஜனவரி 1 ஆகிவிட்டது. ஒரு மாதம்கூட முன்னறிவிப்பு இல்லாமல் அரசு பழைய சந்திர நாட்காட்டியை விட்டு மேற்கத்திய நாட்காட்டிக்குத் தாவியது. பழைய கணக்குப்படி அடுத்த வருடம் அதிக மாதம் வருகிறது, அதாவது பதின்மூன்று மாதம், சம்பளமும் பதின்மூன்று. நாட்காட்டியை மாற்றினால் அந்த ஒரு மாதச் சம்பளமும் மிச்சம், இரண்டு நாள் டிசம்பருக்கும் தர வேண்டியதில்லை. அன்றைய அரசில் முக்கியப் பொறுப்பில் இருந்த ஓகுமா ஷிகெனோபுவே பின்னாளில் இந்தக் கணக்கை நினைவுகூர்ந்திருக்கிறார். அதே 1873-இல் காலங்காலமாக இருந்த ஐந்து பருவ விழாக்களும் அரசு விழா என்ற தகுதியை இழந்தன. அவற்றில் ஒன்றான தனபாதா வீடுகளில் தப்பிப் பிழைத்தது, ஆனால் புது நாட்காட்டியின் ஜூலை 7 பல இடங்களில் மழைக்காலத்தில் விழுகிறது. இரண்டு நட்சத்திரங்கள் சந்திக்கிற இரவு, வானத்தில் மேகம். செண்டாய் நகரம் அதை ஆகஸ்டில் கொண்டாடுகிறது. டிஸ்டோபியா எழுதுகிறவர் கற்பனைகூடச் செய்ய வேண்டாம், ஒரு தேதியைக் கொஞ்சம் நகர்த்தினாலே போதும், நட்சத்திரம் மறைந்துவிடுகிறது.

வயதுக்கும் இதே மாதிரிதான். முன்பு ஜப்பானில் பிறந்தவுடனேயே வயது ஒன்று, அப்புறம் ஒவ்வொரு புத்தாண்டுக்கும் ஊரே சேர்ந்து ஒரு வயது ஏறும். டிசம்பர் 31 அன்று பிறந்த குழந்தைக்கு மறுநாளே இரண்டு வயது. பிறந்தநாளை வைத்து வயது சொல்லும் முறை சட்டத்தில் முன்பே வந்துவிட்டாலும், மக்கள் வாயில் பழைய கணக்கே இருந்தது. 1950 ஜனவரி 1-இல் நடைமுறைக்கு வந்த ஒரு சட்டம் இனி இப்படித்தான் சொல்லிப் பழக வேண்டும் என்று கேட்டுக்கொண்டது. நல்ல எண்ணத்தில் செய்யப்பட்ட மாற்றம்தான் இது, குறை சொல்லவில்லை. ஆனால் ஓர் இரவில் எல்லோருக்கும் சேர்ந்து வந்துகொண்டிருந்த வயது, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக ஒரு காகிதத்தில் வர ஆரம்பித்தது என்பதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். என் நகரம் அங்கிருந்துதான் பிறந்தது. வயது வந்தவர்களுக்கு வீடு தர வேண்டும், பங்கு தர வேண்டும், முடிவெடுக்கும் கூட்டத்தில் நாற்காலி தர வேண்டும். இடம் போதவில்லை. அதனால் வயதை ஓர் அலுவலகம் ஒதுக்குகிறது. ஒதுக்கீட்டுக் கடிதம் வரும்வரை நீ பதினான்குதான், உடம்பு என்ன சொன்னாலும் சரி. இப்படிப்பட்ட நகரத்தில், தலைக்கு ஓர் உருண்டை இலவசமாகக் கொடுத்துக்கொண்டு வீடு வீடாக வருகிற ஒருவரை விட்டுவைப்பார்களா?

நகரம் வந்துவிட்டது பாருங்கள். வரைபடமே போடவில்லை.

பதின்பருவம் நடுவில் இருக்கிறது

பதின்பருவக் கதை என்றால் கோபம், தனிமை, முதல் காதல் என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறோம். எல்லாம் உண்மைதான், ஆனால் பண்டிகையோடு அது எங்கே முட்டுகிறது என்று பார்க்க வேண்டும். முகமூடிக்காரர் வருகிற எந்தப் பண்டிகையிலும் மூன்று இடங்கள் இருக்கின்றன. பயந்து ஒளிகிற குழந்தை. முகமூடி போட்டுக்கொண்டு வருகிற பெரியவர். இந்த இரண்டுக்கும் நடுவில், முகமூடிக்குள் இருப்பது யார் என்று தெரிந்துபோனவன் ஒருத்தன். அவனுக்கு இனிமேல் பயப்பட வராது. முகமூடி போட இன்னும் விடமாட்டார்கள். தம்பி அலறும்போது அவன் சிரிப்பை அடக்கிக்கொண்டு மூலையில் நிற்பான், சிரித்தாலும் தப்பு, அழுதாலும் தப்பு. அந்த மூலைதான் பதின்பருவம். அங்கே அவன் எத்தனை நாள் நிற்கிறான் என்பதுதான் உங்கள் கதை.

ஓகாவில் வழக்கமாக முகமூடி போட்டவர்கள் ஊரின் கல்யாணமாகாத இளைஞர்கள். அதாவது, சில வருடங்களுக்கு முன்வரை மடியில் ஏறி அலறிக்கொண்டிருந்தவர்கள். அந்தக் குரலை வெளியிலிருந்து போட்டுப் பார்க்கிற முதல் இரவில் அவர்களுக்குள் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பயமுறுத்த வேண்டும், ஆனால் அளவோடு. கதவுக்குப் பின்னால் இருக்கும் பிள்ளையின் பயம் எப்படி இருக்கும் என்று உடம்புக்குத் தெரியும், அதனால்தான் அளவு தெரியும்.

அதனால் உங்கள் டிஸ்டோபியா பிள்ளைகளிடமிருந்து எடுத்துக்கொண்டது எது என்ற கேள்விக்குச் 'சுதந்திரம்' என்று எழுதிவிட்டு நகராதீர்கள். என் நகரம் எடுத்துக்கொண்டது முகமூடி போடுகிற பெரியவரின் இடத்தை. பிள்ளைகள் நடுவிலேயே நிற்கிறார்கள், எல்லாம் தெரிந்துவிட்டது, செய்ய எதையும் தருவதில்லை. என் நாயகி ஹினாவுக்கு உண்மையில் பதினாறு வயதாவது இருக்கும், காகிதத்தில் மூன்றாவது முறையாகப் பதினான்கு. அவள் தம்பி ரிக்குவுக்கு ஆறு. ஒரு நாள் ஹினா தன் பள்ளிக் கால்சட்டையின் ஓரத்தைப் பிரித்து நீளமாக்குகிறாள், துணிக்குள் மடித்துவைத்திருந்த பகுதி மட்டும் வெளுக்காமல் அடர்ந்த நிறத்தில் இருக்கிறது. அதற்கு முந்தைய இரண்டு வருடத்துத் தையல் தடங்களும் அதற்கு மேலேயே வரிசையாகத் தெரிகின்றன. வசனம் எதுவும் வேண்டாம். காலத்தை மறைக்கிற ஒரு நகரத்தில் கால்சட்டை ஓரம் உண்மையைச் சொல்லிவிடுகிறது. இப்படி உடம்பைத் தொட்டுக்கொண்டிருக்கும் ஒரு பொருளைக் கண்டுபிடியுங்கள். செருப்பு, பல், குரல் உடைவது, எதுவாகவும் இருக்கலாம்.

வயதையே கதையின் முதுகெலும்பாக வைக்க முடியும் என்பதற்கு 2012-இல் ஆரம்பித்த 'ஷின் செகாய் யோரி' நல்ல பாடம். 25 எபிசோடில் அதே பிள்ளைகளைப் பன்னிரண்டு வயதில், பதினான்கில், இருபத்தாறில் என்று பார்க்கிறோம். ஒவ்வொரு தாவலிலும் முகங்கள் குறைகின்றன, யார் குறைந்தார்கள் என்பதைக்கூட மிஞ்சியவர்களால் சரியாக நினைவில் வைத்திருக்க முடிவதில்லை. என் கதையில் வயது ஏறவே ஏறாததால் இதற்கு நேர்மாறாகச் செய்ய வேண்டியிருந்தது, ஆனாலும் வரிசையாக உட்கார்ந்து அந்தத் தொடரைப் பார்த்துக் குறிப்பெடுத்ததுதான் எனக்கு மிகவும் உதவியது.

இன்னொன்று. பழைய பண்டிகையைச் சொர்க்கமாக்கிவிடாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். நிர்வாகம் கெட்டது, பாட்டி காலம் தங்கம் என்று எழுதினால் பதினான்கு வயதுப் பார்வையாளர் உடனே முகத்தைத் திருப்பிக்கொள்வார், அவர் செய்வது சரிதான். சின்னக் குழந்தையை அலறவைக்கிற சடங்கில் ஒரு முரட்டுத்தனம் இருக்கிறது. என் ஐதீகத்திலும் கடைசி வீட்டுப் பெண்ணுக்கு அநியாயம் நடந்திருக்கிறது. ஹினா அதைச் சத்தமாகக் கேட்க வேண்டும்: "அவளுக்கு மட்டும் ஏன் கிடையாது?" பாட்டியிடம் அதற்குப் பதில் இருக்கக்கூடாது.

பன்னிரண்டில் எதை எங்கே வைப்பது

முதல் எபிசோடில் மூன்று செயல்களும் வந்துவிட வேண்டும், விளக்கம் ஒன்றுகூட வரக்கூடாது. நான் முதல் வரைவில் பாட்டி வாயால் ஐதீகத்தை முதல் எபிசோடிலேயே சொல்லவைத்திருந்தேன். படித்துப் பார்த்த தோழி இரண்டாம் எபிசோடோடு நிறுத்திவிட்டு, "மீதி எனக்குத் தெரியும்" என்றாள். அவளுக்குத் தெரிந்துதான் இருந்தது. ஜப்பானிய ரசிகர்கள் மூன்று எபிசோட் பார்த்துவிட்டுத் தொடர்வதா விடுவதா என்று முடிவு செய்கிற வழக்கம் உண்டு. அதனால் மூன்றாவது எபிசோட் முடிவில் ஒரு காரணம் உடைந்தாக வேண்டும். என் கதையில், மீட்டர் பார்க்க யாருமே வருவதில்லை, மீட்டர்களை மத்திய அலுவலகமே தூரத்திலிருந்து படிக்கிறது என்று ஹினா கண்டுபிடிக்கிறாள். அப்படியென்றால் கதவைத் திறந்து வைப்பது யாருக்காக? எண்டிங் பாட்டு.

அதன்பிறகு ஐதீகத்தை ஒரே குரலில் சொல்லாதீர்கள். முதலில் குழந்தைகள் விளையாட்டில் எண்ணுகிற பாட்டாக வரட்டும், "ஒன்று குறையுது, ஒன்று குறையுது" என்று முடிகிற மாதிரி. நாலாவது எபிசோடில் பாடப்புத்தகம், அங்கே வைக்கோல்காரர் பிள்ளைகளின் வயதைத் திருடிக்கொண்டு போகிற கள்வன். அரசு எப்போதும் கதையை அழிப்பதில்லை, பாத்திரங்களை இடம் மாற்றி வைக்கிறது. ஏழில் பாட்டியின் வடிவம், கடைசி வாக்கியம் இல்லாமல். பத்தாவதில் அந்த வாக்கியம் கிடைக்க வேண்டும், ஆனால் எழுத்தாகக் கிடைக்கக்கூடாது. பூட்டிய நூலகம், பழைய டைரி, இறக்கும் விஞ்ஞானி விட்டுப்போன ஒலிப்பதிவு இதெல்லாம் தேய்ந்த வழிகள். நான் முகமூடியின் உட்புறத்தைக் காட்டினேன். ஹினா அதைத் திருப்பிப் பார்க்கிறாள். மரம் நெற்றிப் பக்கம் வியர்வையில் கறுத்துப் பளபளக்கிறது. கட்டுகிற கயிற்றில் முடிச்சுகள், ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக, பத்துப் பதினைந்து முடிச்சுகள், எல்லாமே பெரியவர் தலைக்குப் பொருந்தாத அளவில். தன் தலையில் வைத்துப் பார்க்கிறாள். ஒரு முடிச்சு சரியாகப் பின்னந்தலையில் உட்காருகிறது. காலங்காலமாக இதைப் போட்டுக்கொண்டு வந்தவர்கள் பிள்ளைகள், கடைசி வீட்டுப் பிள்ளைகள் என்று அப்போது நமக்குப் புரிகிறது.

ஐந்து, ஆறு, எட்டு, ஒன்பது எபிசோடுகளைப் பற்றி அதிகம் சொல்லமாட்டேன், அவை உங்கள் பாத்திரங்களின் சண்டைக்கும் நட்புக்கும் உரியவை. ஒரே ஒரு யோசனை: ஒதுக்கீட்டுக் கடிதம் ஹினாவுக்கே வந்துவிடட்டும், எட்டாவதில். அவள் நிஜமாகவே ஆசைப்பட்டதுதான் அது. வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு ஒரு முழு எபிசோட் பிடிக்க வேண்டும்.

எண்டிங் பாட்டு 90 வினாடி, பன்னிரண்டு முறை வரப்போகிறது, அதை வீணாக்காதீர்கள். அந்த எண்ணும் பாட்டையே எண்டிங்காக வைத்து ஒரு அடியை மட்டும் இசையால் நிரப்பிவிடுங்கள். பத்தாவது எபிசோடில் அந்த இடத்தில் சொற்கள் வரட்டும். ஒரு புதுக் காட்சியும் தேவையில்லை, கேட்கிறவருக்குச் சிலிர்க்கும்.

முகமூடி, கதவு, சத்தம்

நீங்கள் எழுத்தோடு நிறுத்தாமல் காட்சிகளை வரிசையாக வரைந்து வைக்கிற ஸ்டோரிபோர்டும் போடப்போகிறீர்கள் என்றால் இந்தக் கதை உங்களுக்குச் சாதகமானது. வினாடிக்கு 24 பிரேம் என்றாலும் தொலைக்காட்சி அனிமேயில் ஒரே ஓவியத்தை மூன்று பிரேமுக்கு நிறுத்துவது சாதாரணம், வினாடிக்கு எட்டு ஓவியம்தான். முகமூடி போட்டவருக்கு வாயசைவே வரைய வேண்டாம். மிச்சமாகும் உழைப்பை வைக்கோலுக்குக் கொடுங்கள், அது நடக்கும்போது அசைய வேண்டும், உதிர வேண்டும். ஓகாவில் கேதேயிலிருந்து தானாக உதிர்ந்த வைக்கோலை நல்ல சகுனமாக வைத்துக்கொள்வார்கள். என் கதையில் மறுநாள் வாசலைக் கூட்டாததன் காரணம் அதுதான், பதினொன்றாவது எபிசோடில் தரையில் கிடக்கும் ஒரே ஒரு வைக்கோல் துரும்பைக் காட்டினால் போதும், யாரும் எதுவும் சொல்ல வேண்டாம்.

வைக்கோல்காரரை முழுதாகக் காட்டுவதைத் தள்ளிப்போடுங்கள். கதவைக் குழந்தையின் உயரத்திலிருந்து வரையுங்கள், தாழ்ப்பாள் தலைக்கு மேலே இருக்கும்படி. மூன்று தட்டு. முதல் தட்டுக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் நீண்ட அமைதி வையுங்கள், இரண்டாவதும் மூன்றாவதும் ஒட்டி வரட்டும். பனியில் காலடிச் சத்தம் நெருங்கி வருவதைவிட, நின்றுபோவதுதான் பயம்.

நிஜச் சடங்குகளைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். தோஷிதோன் 2009-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது, 2018-இல் நமஹாகே உட்படப் பத்துச் சடங்குகளாக அந்தப் பதிவு விரிந்தது. ஊர்களில் பிள்ளைகளும் இளைஞர்களும் குறைந்துகொண்டே வருவதற்கு நடுவில் இவற்றை மனிதர்கள் பாடுபட்டுக் காப்பாற்றி வருகிறார்கள். அவர்கள் தெய்வத்தின் பெயரை எடுத்து உங்கள் கதையில் அரக்கனாக்காதீர்கள். கற்றுக்கொள்ளுங்கள், பெயரையும் முகத்தையும் நீங்களே உருவாக்குங்கள்.

கடைசி எபிசோடை எழுதும்போது நிர்வாகம் இடிந்து விழுவதைக் காட்டத் தோன்றும். என்னுடையதில் அது நிற்கிறது. ஹினா கடிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள், கூடையில் பாட்டியும் தோழிகளும் இரவெல்லாம் உருட்டிய உருண்டைகள், ஊரில் எத்தனை தலை என்று எண்ணி அதற்குமேல் ஒன்று. அவள் தன் வீட்டு வாசலிலேயே வந்து நிற்கிறாள். படியில் சோற்று உருண்டை. உள்ளே ரிக்கு மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பது கேட்கிறது. கையை ஓங்குகிறாள், ஒரு தட்டு. அமைதி. அங்கே முடித்துக்கொண்டு, இரண்டாவது தட்டைக் கறுப்புத் திரையில் வையுங்கள். அதை எழுதி முடித்த அன்றே முதல் எபிசோடைத் திறந்து, அந்தச் சோற்று உருண்டையைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை அதிகமாகப் பேசியிருக்கிறார்களா என்று பாருங்கள். பேசியிருந்தால் அந்த வசனத்தை வெட்டுங்கள்.